வழுக்கையின் ரத்தம்

ஜூன் 28, சனி

சர்க்கரை டப்பாவில் உப்பு. அரதப் பழசான வேலைதான். ஆனால் முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வரும் அம்மாவுக்குப் பழசு எது புதுசு எது என்று தெரியாது என்ற நம்பிக்கையில் ஜன்னலோரம் காத்திருந்தேன். அம்மாவின் கார் வரவில்லை. காட்டிலிருந்து மரம் ஏற்றிவரும் மெர்வின் லாரி வந்தது.

கதவைத் திறந்தால் தொப்பி இல்லாமல் நிற்கிறார். அந்தக் கம்பளித் தொப்பி இல்லாமல் மெர்வை நான் பார்த்ததே கிடையாது. அடியில் இவ்வளவு பளபளப்பு இருக்கும் என்று யார் கண்டது? தொப்பி சட்டைக்குள் இருந்தது, நெஞ்சோடு சேர்த்துச் சுருட்டி.

"அம்மா எங்க, குட்டி?"

"இன்னும் வரலை. என்ன அது?"

"ஆலை வளைவுல கிடைச்சுது. தாய் வண்டியில அடிபட்டுப் போயிடுச்சு. தாயோட பால்காம்பை வாயிலேருந்து பிடுங்கல, கத்தியால நறுக்கித்தான் எடுத்தேன். வாயிலயே இருக்கு, பாத்துக்க. தாயை ஓரமா இழுத்துப் போட்டுட்டேன். இல்லாட்டி செத்ததைத் தின்ன ராத்திரி வர்ற டெவில் பிராணியும் அடிபட்டுச் சாகும்."

குளிரில் அவர் காது சிவந்திருந்தது. பாவம் என்று டீ போட்டுக் கொடுத்தேன். அவரே டப்பாவைத் திறந்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டார். எனக்குச் சத்தியமாக மறந்தே போய்விட்டது.

"என்னடி இது, கடலைக் கரைச்சு வச்சிருக்க!"

துப்பிவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தொப்பியைக் கேட்கவில்லை.

தொப்பிக்குள் ரோஜா நிறத்தில் ஒரு குட்டி, தாயின் வயிற்றுப் பைக்குள் இருக்கவேண்டியது; இப்படி அநாதையாகிற குட்டிகளை வளர்ப்பது அம்மாதான். மயிர் என்று ஒன்றுகூட இல்லை. கண்கள் ஒட்டியிருக்கின்றன. காதுகள் மண்டையோடு ஒட்டியிருக்கின்றன. தோல் எவ்வளவு மெல்லியது என்றால் வயிற்றில் நீலக் கோடுகள் ஓடுவது தெரிகிறது. பின்னங்கால் மட்டும் மடக்கின ஸ்கேல் மாதிரி நீளம்.

ஆண். பெயர் வழுக்கை. தொப்பியின் சொந்தக்காரர் நினைவாக.

ஜூன் 29, ஞாயிறு

அம்மா தூங்க, நான் சைக்கிளில் ஆலை வளைவுக்குப் போனேன், தாய்க்குக் குறி போட. வயிற்றுப் பையைப் பார்த்தாகிவிட்டது, உள்ளே குட்டி யாரும் இல்லை என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியவேண்டுமே. இல்லாவிட்டால் ஒவ்வொரு காரும் நின்று குனிந்து பார்க்கும்.

சாலையோரம் ஒரு பேடிமெலன் கிடந்தது, முயலைவிடக் கொஞ்சம் பெரிய குட்டைக் கங்காரு இனம். பெண். வயிற்றில் பை இருந்தது, காலி. இளஞ்சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டேன். அப்புறம் அதன் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. பாவமாக இருக்கும்போதுதான் என் கை சும்மா இருக்காது. மேலுதட்டில் ஒரு மீசை வரைந்தேன், இரண்டு பக்கமும் முறுக்கி. செத்தவளுக்குக் கொஞ்சம் கம்பீரம்.

வீட்டில் அம்மா குட்டியின் பாதத்தை அளந்துகொண்டிருந்தாள்.

"என்ன இனம், பிப்?"

"பேடிமெலன்."

பேடிமெலன் வளர்ச்சி அட்டவணையைச் சுவரில் ஒட்டினாள். பாத நீளத்தைப் பார்த்தால் நான்கு மாதம் இருக்கும், இன்னும் கொஞ்ச நாளில் கண் திறக்கவேண்டும், அப்புறம் மயிர். இவர்களுக்கு வயதுக்கு ஏற்ற பால். தாயின் பாலே குட்டி வளர வளர மாறிக்கொண்டு போகுமாம். அம்மா பெரிய குட்டிகளுக்கான இரண்டாம் பால்மாவு டப்பாவை எடுத்தாள்.

மீசையைப் பற்றிச் சொல்லவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

குடிக்கிறான். ஆனால் குடிப்பது எங்கே போகிறது?

ஜூலை 3, வியாழன்

போகும் இடம் தெரிந்துவிட்டது. என் ஸ்வெட்டர்.

பச்சையாக, தண்ணீராக. காலையிலிருந்து ஐந்தாறு தடவை. அம்மா "வயித்துக்குப் புதுப் பால் ஒத்துக்க நாளாகும்" என்கிறாள். ஆனால் அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தராசைப் பார்த்துச் சொன்னாள். தராசில் எண் கூடவில்லை. குறைந்திருக்கிறது.

ஜூலை 4, வெள்ளி

குளிர்கால விடுமுறைக்கு முன் பள்ளி கடைசி நாள். எல்லாரும் விடுமுறைத் திட்டம் பேசினார்கள். என் திட்டம் ஒரு தொப்பிக்குள் படுத்திருக்கிறது.

மூன்றரை மணிக்கு மிருக மருத்துவர் ஹெஸ்டர். உதட்டைத் திருப்பி ஈறைப் பார்த்தார். அது ரோஜா இல்லை, பழைய மெழுகுவத்தி நிறம். வால் நரம்பிலிருந்து ஒரே ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். உடம்பு முழுக்கவே சில கரண்டிதான் இருக்குமாம், ஒரு சொட்டு என்பதே அவனுக்குப் பெரிய நன்கொடை. கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கும் டாக்டரை எனக்குப் பிடிக்காது.

"நீயும் பாக்கறியா?"

பார்த்தேன். வட்ட வட்டமாக இளஞ்சிவப்பு அணுக்கள். அவற்றுக்கு நடுவே நிறைய அணுக்களில் ஒரு கருநீலப் புள்ளி. ஆஃப்பாயில் மாதிரி.

"நல்லாத்தானே இருக்கு. காலை டிபன் மாதிரி."

"அந்தப் புள்ளிதான் கவலை," என்றார் ஹெஸ்டர். சிரிக்கவில்லை. "அது உட்கரு. வளர்ந்த சிவப்பணுல அது இருக்கவே கூடாது. வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அதைத் தூக்கி எறிஞ்சிட்டுத்தான் வரணும்."

"இவன் எறியலையா?"

"இங்க பாரு. நீ பிறக்கும்போது உன் ரத்தமெல்லாம் தயார். இவங்க பிறக்கும்போது பீன்ஸ் விதை அளவு. எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு வேலையே ஆரம்பிச்சிருக்காது. ஈரல்தான் ரத்தம் செய்யும். செய்யற அணுவெல்லாம் புள்ளி வச்ச அணு. அப்புறம் பைக்குள்ள தொங்கிக்கிட்டே இருக்கும்போதுதான் மெதுவா தொழிற்சாலை ஈரலை விட்டு எலும்புக்கு மாறும். புள்ளி குறையும்."

"அப்ப இவனுக்கும் குறையும்."

"குறைஞ்சிருக்கணும். நாலு மாச பேடிமெலனுக்கு இவ்ளோ இருக்கக் கூடாது, பிப்."

அம்மா தொப்பியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது போல.

ஜூலை 5, சனி

எழுதிவிட்டால் குறையும் என்று எழுதுகிறேன்.

ஹெஸ்டர் சொன்னது இரண்டு. ஒன்று, மஜ்ஜை வேலை செய்யவில்லை, எலும்புக்கு மாறவேண்டிய தொழிற்சாலை வழியிலேயே நின்றுவிட்டது. இல்லாவிட்டால் ஏதோ கிருமி ரத்தத்தைத் தின்கிறது. ஆள் பற்றாமல் உடம்பு பள்ளிக்கூடப் பிள்ளைகளை எல்லாம் வேலைக்கு அனுப்புகிறது, புள்ளியோடு. முதலாவதற்கு மருந்து இல்லை. இரண்டாவது ஒட்டிக்கொள்ளும்.

வரவேற்பறையில் கிரம்பெட்டும் ஜாமும் இருக்கிறார்கள். மயிர் முளைத்த இரண்டு பேடிமெலன்கள், சோபாவுக்கு அடியில் துள்ளி அம்மாவின் செருப்பைக் கடிக்கும் வயது. அவர்களுக்கு ஒட்டிக்கொண்டால்?

அதனால் வழுக்கை துணி துவைக்கும் அறைக்குப் போய்விட்டான். ஹீட்டர், தலையணை உறை, தொப்பி. உள்ளே போக ஒரு அங்கி, வெளியே வர ஒரு கை கழுவல். துணி மெஷினைத் தொடக்கூடாது, அதிரும்.

அடுத்த வெள்ளி மறுபடி ரத்தம். புள்ளி குறையவில்லை என்றால் ஹெஸ்டர் அங்கேயே ஊசி போட்டுவிடுவார். "கஷ்டப்படாம தூங்கிடுவான்" என்றாள் அம்மா. தூங்குவது என்ற சொல்லை இதற்கு யார் கண்டுபிடித்தார்கள்? தூங்கினால் எழுந்திருக்கவேண்டும். அதுதானே தூக்கம்.

ஜூலை 7, திங்கள்

இன்று யாரையும் ஏமாற்றவில்லை. அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

ஜூலை 8, செவ்வாய்

கண் திறக்கவில்லை. அட்டவணைப்படி திறந்திருக்கவேண்டும். இன்றைக்குப் பன்னிரண்டு தடவை போய்ப் பார்த்தேன், அங்கியை மாட்டி, கழற்றி, மாட்டி. கண் இருக்கும் இடத்தில் ஒரு கோடு. பென்சிலால் போட்ட மாதிரி. நாளைக்கும் அதே கோடு இருக்கும், எனக்குத் தெரியும்.

பாலை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"என்ன குடுக்கறது? சொல்லு, குடுக்கறேன்," என்றாள் அம்மா.

"எனக்கு எப்படித் தெரியும்? நீதானே வளக்கறவ!"

"வளக்கறவளுக்கும் தெரியாது பிப்! பதினோரு வருஷமா செய்யறேன், இன்னும் பாதிக்கு மேல எனக்குத் தெரியாது!"

அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. கதவைச் சாத்தினேன். அப்புறம் திறந்தேன், அதிர்ச்சியில் அவனுக்கு ஏதாவது ஆகிவிடப்போகிறதே என்று. கோபத்தைக்கூட முழுசாகக் காட்டமுடியாத வீடு.

அவன் காம்பை விடவில்லை. மெர்வ் நறுக்கினது விழுந்து எத்தனையோ நாள் ஆயிற்று, இப்போது ரப்பர்க் காம்பு. ஆனாலும் பிடிக்கும் பிடி, எடுக்கப் போனால் தலையே கூட வருகிறது. இவ்வளவு கெட்டியாகப் பிடிக்கிறவனுக்குச் சாக விருப்பம் என்று யாரும் சொல்லமுடியாது.

ஜூலை 9, புதன்

ஒன்பது கிராம் குறைவு.

அவன் அடியில் விரிக்க என்னிடம் இருந்த சாக்ஸ் தீர்ந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

வரிசையாக எழுதவேண்டும், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

மதியம் மெர்வ் வந்தார். பெட்ரோல் கடை ஸ்காலப் பை, சிப்பிக்கறி மசாலா அடைத்த பப்ஸ் மாதிரி, மூன்று வாங்கி வந்திருந்தார். அவர் கொண்டுவருவதெல்லாம் பைதான் போலிருக்கிறது, ஒரு தடவை பையில் வளரும் குட்டி, ஒரு தடவை மசாலாப் பை. வேறு தொப்பி போட்டிருந்தார், பச்சை, அசிங்கம். படியேறும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு "ஆ" என்றார்.

"டீ குடிக்கறீங்களா?"

"உன் கையாலயா? வேண்டாம்மா, கடல் பக்கத்துலதானே இருக்கு, நேரா அங்கயே போய்க் குடிச்சுக்கறேன்."

உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னாள். மெர்வ் மிச்சப் பையை என் பக்கம் தள்ளினார். பிறகு என்னைச் சிரிக்கவைக்கவேண்டும் என்று நினைத்திருப்பார், பாவம்:

"ஆலை வளைவுல ஒரு பேடிமெலன் கிடந்துச்சே, மீசை வச்சு. அது யாரு வேலைன்னு லாரிக்காரங்க எல்லாரும் கேட்டாங்க. எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு."

"என்ன மீசை?" என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

"இவன் அம்மாவுக்கு," என்றேன். "சும்மா. குறி போடும்போது."

"யாரு அம்மா?" என்றார் மெர்வ்.

"வழுக்கையோட அம்மா. நீங்க ஓரமா இழுத்துப் போட்டது."

"அந்த மீசைக்காரியா? அவ நான் போகும்போது அங்க இல்லவே இல்லையே. அப்புறமா வேற எவனோ அடிச்சிருப்பான். இவன் அம்மாவை நான் கீழ பெரணிப் புதர் வரைக்கும் இழுத்துட்டுப் போய்ப் போட்டேன். அதுலதானே இடுப்பே போச்சு!"

"பேடிமெலனை இழுத்தா இடுப்பு போச்சு?" என்றேன். "ஒரு கையில தூக்கலாம். உங்களுக்கு வயசாயிடுச்சு மெர்வ்."

"யாருடி பேடிமெலன்னா? நல்ல வளந்த வாலபி, பேடிமெலன் மூணு சேந்த மாதிரி. என் நாயை விடக் கனம். பேடிமெலனுக்கு இடுப்பு பிடிச்சுக்கறதுக்கு நான் என்ன உங்க முதியோர் இல்லத்து ஆளா?"

அம்மா கையிலிருந்த பையைத் தட்டில் வைத்தாள். சத்தமே வரவில்லை.

"மெர்வ். ஏன் சொல்லல?"

"யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. நான்தான் கதவைத் திறந்தேன். உப்பைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பெண் என்று பார்த்தேன், பை என்று பார்த்தேன், மீசை வரைய நேரம் இருந்தது. காம்பைப் பார்த்திருந்தால்? ஒன்று நறுக்கப்பட்டிருக்கவேண்டும் இல்லையா.

மூன்று பேரும் லாரியில் போனோம். மீசைக்காரி போய்விட்டாள், ஓரத்தில் இளஞ்சிவப்பு ஒட்டிய ஒரு துண்டுத் தோல் மட்டும். டெவில்கள் மீசையோடு தின்றிருக்கின்றன. மெர்வ் "அங்க" என்று கை காட்ட, நான் சரிவில் இறங்கினேன். முழங்கால் வரை ஈரப் பெரணி. அங்கேயும் டெவில்கள் வேலையை முடித்திருந்தன. எலும்பையும் விடாத ஜென்மங்கள். ஒரு பாதம் மட்டும் கிடைத்தது.

பேடிமெலன் பாதம் என் உள்ளங்கை நீளம். இதை என் காலணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலணி நீளம்.

மேலே தூக்கிக் காட்டினேன். அம்மா சாலையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மெர்வ் பச்சைத் தொப்பியைக் கழற்றினார், எதற்கு என்று அவருக்கே தெரியாது.

நாளைக்கு. நாளைக்கு. இது போதுமா? இனம் மாறினால் ரத்தம் மாறிவிடுமா?

ஜூலை 11, வெள்ளி

ஊசி மேஜைமேல் தயாராக இருந்தது. தட்டில், துணி போட்டு மூடி. துணி போட்டால் எனக்குத் தெரியாதாக்கும்.

பாதத்தை ரொட்டி உறையில் கொண்டுபோயிருந்தேன். ஹெஸ்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வழுக்கையைத் தொப்பியோடு வாங்கி, பாதம், தலை, வால் எல்லாம் புதிதாக அளந்து, வாலபி அட்டவணையில் விரலை ஓட்டினார்.

"இந்த அளவுல தோல் மட்டும் இருக்கும்போது எனக்கே தெரியாது," என்றார் அம்மாவிடம். "நாம எல்லாரும் தாயைத்தான் கேட்டோம். குட்டியைக் கேக்கல."

"வயசு?" என்றாள் அம்மா.

"நாம நினைச்சதை விடக் குறைவு. அதை விட முக்கியம், வாலபி பையில ரெண்டு மூணு மாசம் கூடுதலா இருக்கும். அதுக்கு எதுலயும் அவசரம் கிடையாது. கண்ணு, மயிர், ரத்தம் எல்லாமே மெதுவாத்தான்."

"அப்ப புள்ளி?"

"இந்த வயசு வாலபிக்குப் புள்ளி இருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன். தொழிற்சாலை நிக்கல பிப். இன்னும் வீடு மாறிக்கிட்டிருக்கு."

நான் குதிக்கப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆனா வெளுத்துப் போயிருக்கான், எடை போயிருக்கு. அது நிஜம். பெரிய குட்டிக்கான பாலைக் கொடுத்திருக்கீங்க, அந்த வயிறு இன்னும் அதுக்கு வளரல. முதல் டப்பாவுக்குப் போங்க. கிருமி இல்லைன்னும் நான் இன்னும் சொல்லல. தனியாவே இருக்கட்டும். பத்து நாள் கழிச்சு ஒரு சொட்டு எடுப்போம். அப்பவும் இப்படியே இருந்தா..."

ஊசியைத் துணியோடு எடுத்து அலமாரியில் வைத்தார். அலமாரியைப் பூட்டவில்லை, நான் பார்த்தேன்.

காரில் அம்மா ஹீட்டரைத் திருகி வைத்தாள். பிறகு,

"மீசை எப்படி இருந்துச்சு?"

"முறுக்கு மீசை."

"ம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதும் தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

கெட்டியாகப் போனான்! ஒருவரின் மலத்தைப் பற்றி ஆச்சரியக்குறி போடுவேன் என்று நினைத்ததில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மறுபடி தண்ணீர். ஆச்சரியக்குறியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஜூலை 17, வியாழன்

எடை அப்படியே நிற்கிறது. கூடவில்லை, குறையவும் இல்லை. அம்மா இதை நல்லது என்கிறாள். எனக்கு நிற்கும் எதையும் நம்பப் பிடிக்கவில்லை.

கனவில் ஹெஸ்டரின் மைக்ராஸ்கோப்பில் எல்லா அணுவுக்கும் மீசை.

ஜூலை 19, சனி

மெர்வ் போன் செய்தார். "எப்படி இருக்கான் என் ஆளு?" என்றார். "உங்க தொப்பியிலயே இருக்கான், திருப்பித் தரட்டுமா?" என்றேன். "வச்சுக்கோ," என்றார். "தேவைப்படறவன் போட்டுக்கட்டும். எனக்கு இந்தப் பச்சை நல்லாத்தான் இருக்கு." நன்றாக இல்லை. சொல்லவில்லை. எனக்குள்ளும் கொஞ்சம் கருணை இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

பள்ளி விட்டு நேராக ஹெஸ்டர். பஸ்ஸில் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து சீட்டில் இருந்தவன் எழுந்து வேறு இடம் போய்விட்டான்.

அம்மா குட்டியோடு முன்பே வந்திருந்தாள். ஒரு சொட்டு. சாயம். மைக்ராஸ்கோப். இந்தத் தடவையும் ரொம்ப நேரம் பார்த்தார். நான் சுவரில் இருந்த பூனைப் படத்தின் பற்களை எண்ணினேன். எத்தனை என்று கேட்டால் தெரியாது.

"பிப். வா, டிபன் எப்படி இருக்கு பாரு."

குனிந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை, என் கண்ணில்தான் ஏதோ. துடைத்துவிட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பு வட்டங்கள். வெறும் வட்டங்கள். தேடித்தேடிப் போனால் ஒரு ஆஃப்பாயில். இன்னும் கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"மிச்சம் ரெண்டு பேரும்?"

"அவங்களும் போயிடுவாங்க. கிருமியும் இல்ல. விடு."

துணி துவைக்கும் அறையிலிருந்து வழுக்கைக்கு விடுதலை. வரவேற்பறையில் கிரம்பெட்டும் ஜாமும் வந்து தொப்பியை மோந்து பார்த்துவிட்டு, தங்கள் ஜாதி இல்லை என்று நொடியில் கண்டுபிடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவர்களை முதலிலேயே கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கோடு பிரிந்தது. இடது கண். அவன் முதலில் பார்த்தது என் மூக்குத் துவாரம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆலை வளைவில் இன்னொரு பேடிமெலன். பெண். திருப்பிப் போட்டு, கையுறை போட்டு, நான்கு காம்பையும் பார்த்தேன். நான்கும் சின்னது, எந்தக் குட்டியும் குடித்ததில்லை, நான்கும் முழுசு. பெருக்கல் குறி. கொஞ்ச நேரம் பெயிண்ட் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

மீசை வரையவில்லை. ஒரு பொட்டு மட்டும் வைத்தேன். சின்னதாக.

ஆகஸ்ட் 30, சனி

தொப்பி பற்றவில்லை அவனுக்கு. கால் ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் வெளியே. அம்மா பழைய ஸ்வெட்டரில் பெரிய பை தைத்துவிட்டாள்.

மெர்வ் நாளைக்கு மதியம் வருகிறார். அதனால் தொப்பியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தேன். அலசிப் பிழிந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்பக்கம் எல்லாம் ஏதோ ஒட்டியிருந்தது. நூல் என்று நினைத்தேன். விரலால் எடுத்துப் பார்த்தேன். சின்னச் சின்ன மயிர், பட்டு மாதிரி, சாம்பல் நிறம்.

மெர்வுடையது இல்லை. அவருக்கு ஏது.